மழை படாத இடத்தில் துரு

பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன இரும்பு கேட் எதையாவது உற்றுப் பாருங்கள். மழையும் வெயிலும் நேராக அடிக்கிற நடுத்தகட்டில் பெயின்ட் வெளிறியிருக்கும், அங்கங்கே செம்புள்ளி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதே தகடு அடிச்சட்டத்துக்குள் மடிந்து நுழைகிற இடத்தில் விரலால் அழுத்தினால் பொக்கென்று உள்ளே போகும். துரு பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும் என்று பள்ளியில் ஆணியும் சோதனைக்குழாயும் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் தாராளமாகக் கிடைக்கிற நடுத்தகடு தப்பிக்கிறது. காற்று சரியாகப் போகாத இடுக்கு முதலில் உளுத்துப்போகிறது. இது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வீட்டிலேயே புதுப்பிக்க இறங்குகிறவர்களை இந்தக் கேள்வி விடாது. வெளியே பளபளக்கிற காரின் அடியில் ஒரு திருப்புளியால் குத்தினால், அது கைப்பிடி வரை இறங்கிவிடும். ஒரே ஒரு காரை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

எலும்பு இல்லாத கார்

எம்.ஜி.பி. கார் 1962இல் இங்கிலாந்தின் அபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இரண்டு இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, 1798 சி.சி. எஞ்சின், 95 குதிரைத்திறன், மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டுகிற வேகம். 1965இல் இரும்புக் கூரை போட்ட ஜி.டி. வடிவமும் வந்தது. 1980இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்படும் வரை எல்லா வகையும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றன. எஞ்சின் எளிமையானது, உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. வார இறுதி மெக்கானிக்குகளுக்குப் பிடித்த கார் என்று இதற்குப் பெயர் வந்ததற்கு இவை போதும்.

இதற்கு முன்பு வந்த எம்.ஜி.ஏ. காரில் கீழே கனமான சேசிஸ் இருந்தது. அதன்மேல் உடலைத் தூக்கி வைத்து போல்ட் போட்டார்கள். எம்.ஜி.பி.யில் அந்த சேசிஸ் கிடையாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகளை மடித்து, நீளப் பெட்டிகளாக்கி, ஸ்பாட் வெல்டிங்கால் சேர்த்துவிட்டார்கள். உடலே சேசிஸ். இதை ஓட்டுடல் என்று வைத்துக்கொள்வோம். நண்டுக்கு எலும்பு இல்லை, ஓடுதான் தாங்குகிறது, அதே ஏற்பாடு.

கூரை இல்லாத ஓட்டுடலில் பாரம் முழுக்கக் கீழேதான் விழும். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற நீளப் பெட்டிதான் முக்கியமான தாங்கி. இதைக் கதவடிப் பெட்டி என்போம். வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவில் நிற்கும் தகடு ஒன்று, அடியில் ஒரு சட்டம். இத்தனை தகடு சேரும்போது எத்தனை இடுக்கு வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முன்சக்கரம் வாரி இறைக்கிற சேறு மட்கார்டின் பின்மூலையில் ஒதுங்கி, கதவடிப் பெட்டியின் தலைமாட்டில் குவிகிறது. தண்ணீர் வடிய அடியில் விட்டிருந்த இடைவெளிகளை அந்தச் சேறே அடைத்துவிடுகிறது. உள்ளே பெயின்ட் சரியாக எட்டவில்லை. எட்டியிருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்

கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த யுலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் வாழ்நாள் முழுக்கத் துருவை ஆராய்ந்தவர். 1920களில் அவர் செய்து காட்டிய சோதனை ஒன்றை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இன்றைக்கே செய்துவிடலாம். மணல்தாளால் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீரில் முன்கூட்டியே இரண்டு பொருள் கலந்திருக்கும். ஒன்று, இரும்பு கரைகிற இடத்தில் நீலமாக மாறும். மற்றது, காரத்தன்மை வருகிற இடத்தில் ரோஸ் நிறமாகும்.

முதல் சில நிமிடம் சொட்டுக்குள் நீலமும் ரோஸும் கலந்துகட்டிப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். கொஞ்ச நேரம் போனதும் அவை தாமாகவே பிரிந்துவிடும். சொட்டின் நடுவில் நீலம், விளிம்பைச் சுற்றி ரோஸ் வளையம். இன்னும் காத்திருந்தால் இரண்டுக்கும் இடையில் பழுப்பாக ஒரு வட்டம் முளைக்கும். அதுதான் துரு.

நடந்தது இதுதான். சொட்டின் விளிம்பில் தண்ணீர் மெல்லியதாக இருக்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் சுலபமாக இறங்கிவிடும். நடுவில் ஆழம் அதிகம். அங்கே இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் புதிதாக வந்து சேர நேரமாகிறது. ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் வேண்டும். விளிம்பில் உட்கார்ந்து அது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த எலக்ட்ரான்களைக் கொடுப்பது நடுவிலுள்ள இரும்பு. கொடுத்த அணுக்கள் தகட்டை விட்டுத் தண்ணீரில் இறங்கிவிடுகின்றன. எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகின்றன. விளிம்பை வாங்கும் முனை என்றும் நடுவைக் கரையும் முனை என்றும் அழைக்கலாம்.

ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பேட்டரி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே காற்று அதிகமோ அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்குகிறது, எங்கே காற்று குறைவோ அங்கே இரும்பு போகிறது. கேட்டின் அடிச்சட்டமும் காரின் கதவடிப் பெட்டியும் அந்தச் சொட்டின் நடுப்பகுதிகள். சேற்றுக்கு அடியில், தகட்டு இடுக்கில், உரிந்த பெயின்டின் ஓரத்துக்குள் ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. அதனாலேயே அவை கரையும் முனைகளாகின்றன.

பழுப்பு வட்டம் எங்கே முளைத்தது என்பதையும் கவனியுங்கள். கரைந்து இறங்கிய இரும்பு, விளிம்பிலிருந்து வருகிற காரத்தை நடுவழியில் சந்தித்துத் துருவாகப் படிகிறது. ஆக, துருவைப் பார்க்கிற இடமும் குழி விழுந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழுப்பு தெரிகிற இடத்தை மட்டும் சுரண்டி, பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தவரின் கார், ஆறு மாதத்தில் பக்கத்திலேயே கொப்பளிக்கிற காரணம் இதுதான். போதாததற்குத் துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். ஸ்பாட் வெல்டிங் போட்டு ஒட்டியிருந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் அது வளர்ந்து, அவற்றை நெம்பிப் பிரித்துவிடும். இடுக்கு இன்னும் பெரிதாகும்.

ஒரு மில்லி ஆம்பியர்

பேட்டரி என்றால் கணக்குப் போடலாம். இரும்பிலிருந்து ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு வருடம் விடாமல் ஓடினால், கரைந்துபோகிற இரும்பு ஏறத்தாழ 9 கிராம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் 9 கிராம் என்பது சுமார் 11.5 சதுர சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம்: அவ்வளவு பெரிய ஓட்டை. சார்ஜரில் மினுக்குகிற சின்ன விளக்குக்கே சில மில்லி ஆம்பியர் வேண்டியிருக்கும். அதைவிடக் குறைந்த மின்னோட்டம் ஒரு வருடத்தில் தகட்டைத் துளைத்துவிடுகிறது. ஐம்பது வயதான காருக்கு ஐம்பது வருடம் அவகாசம் இருந்திருக்கிறது.

கொட்டகையில் நிற்கிற கார்

"இருபது வருடமாகக் கொட்டகையை விட்டு எடுக்கவே இல்லை" என்பது விற்பவர் பெருமையாகச் சொல்கிற வாக்கியம். வாங்குகிறவர் பயப்பட வேண்டிய வாக்கியமும் அதுதான்.

இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பு தூவுவார்கள். செஷைர் மாவட்டத்து வின்ஸ்ஃபோர்டில் இதற்கென்றே பூமிக்கடியில் சுரங்கம் இருக்கிறது. ஒரு குளிர்காலம் ஓட்டினால் போதும், கதவடிப் பெட்டிக்குள் சேறோடு உப்பும் குடியேறிவிடும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி ஊறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதாவது, கொட்டகைக்குள் ஒரு துளி மழை விழாவிட்டாலும் கதவடிப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் தயார். எவன்ஸின் சொட்டு அங்கே வருடக்கணக்கில் காயாமல் இருக்கிறது.

உப்பே இல்லாவிட்டாலும், அழுக்கடைந்த காற்றில் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துருவின் வேகம் திடீரென்று ஏறுவதை 1930களில் வெர்னான் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அளந்து காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது அதனால்தான் கெடுதல். பகலில் தரையிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரவில் குளிர்ந்த தகட்டின்மேல் முத்துமுத்தாகப் படியும். மூச்சு விடுகிற துணி உறை நல்லது. ஈரம் உறிஞ்சும் மின்சாதனம் ஒன்றை வைத்துக் காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வெட்டுவதற்கு முன்பு கதவைப் பார்

கதவடிப் பெட்டி உளுத்துவிட்டால் வெட்டி எறிந்து புதுத் தகடு வைக்க வேண்டியதுதான். கிரைண்டரும் மிக் வெல்டிங் மெஷினும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இந்தப் பெட்டிதான் காரைத் தாங்குகிறது என்பதை மறந்து வெட்டினால், நடுவில் ஜாக்கி வைத்து முட்டுக்கொடுத்த காரின் மூக்கும் வாலும் இரண்டொரு மில்லிமீட்டர் தொங்கிப்போகும். புதுத் தகடு அந்தத் தொங்கலை அப்படியே பூட்டிவிடும். வேலை முடிந்து கதவை மாட்டினால் மேலே இளிக்கும், கீழே இடிக்கும். மறுபடி வெட்டாமல் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அதனால் அனுபவசாலிகள் கதவைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து எழுதி வைக்கிறார்கள். பிறகு கதவு வாசலின் குறுக்கே ஒரு சதுரக் குழாயை வெல்டு வைத்து இறுக்குகிறார்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம். தகட்டைப் பிரிக்கும்போது பழைய ஸ்பாட் வெல்டுகளைத் தனி பிட் கொண்டு ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். புதுத் தகட்டில் அதே வரிசையில் ஓட்டை போட்டு, அடித்தகட்டோடு சேர்த்து நெருக்கி, ஓட்டையை வெல்டிங்கால் நிரப்ப வேண்டும். சலிப்பூட்டுகிற வேலைதான். பெயின்ட் பூத் புகைப்படங்களில் இது எதுவும் வராது. ஆனால் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த வேலை என்பது என் கட்சி.

இந்த வம்பே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் தொழிற்சாலையின் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988இலிருந்து எம்.ஜி.பி.க்குப் புத்தம்புது ஓட்டுடல்களையே அடித்து விற்கிறது. பழைய எஞ்சினையும் சக்கரத்தையும் அதில் மாட்டினால் அது பழைய காரா, புதுக் காரா? பதிவெண்ணும் எஞ்சினும் பழையவை. சாலையில் உங்களைத் தாங்குகிற உடல் முழுக்கப் புதிது. எனக்கென்னவோ, உளுத்த பெட்டியின்மேல் பட்டி பூசிய 'அசல்' காரில் ஏறுவதைவிட அதில் ஏறுவது மேல்.

மின்னோட்டத்தைத் திருப்பி விடுதல்

துரு மின்னோட்டம் என்றால், மின்னோட்டத்தை எதிர்த்திசையில் அனுப்பினால்? சின்ன பாகங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயரில் மாட்டி முக்க வேண்டும். பாசிட்டிவ் வயரில் வேண்டாத இரும்புத் தகடு ஒன்று. இரண்டும் தொடக்கூடாது. சுவிட்சைப் போட்டதும் பாகத்தின்மேல் நுரை கிளம்பும்.

இப்போது சார்ஜர் எலக்ட்ரான்களைப் பாகத்துக்குள் தள்ளுகிறது. கரையும் முனையாக இருந்தது வாங்கும் முனையாகிவிட்டது. துருவின் ஒரு பகுதி கறுப்பான, பொலபொலத்த பொருளாக மாறுகிறது. மறுநாள் எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நல்ல இரும்பு துளியும் குறையாது. குழி விழுந்த இடத்தில் இரும்பு திரும்பி வரவும் வராது.

எச்சரிக்கை இரண்டு. நுரையாக வருவது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும், வெட்டவெளியில் செய்யுங்கள். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக்கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகத் தண்ணீரில் இறங்கும்.

முழு ஓட்டுடலையும் தொட்டியில் முக்க முடியாது. அங்கே வேறு தந்திரம். வெல்டு வைப்பதற்கு முன், ஒன்றோடொன்று ஒட்டப்போகிற தகட்டு முகங்களில் துத்தநாகம் கலந்த பிரைமரை அடிக்கிறார்கள். எலக்ட்ரானைக் கொடுப்பதில் துத்தநாகம் இரும்பைவிட முந்திக்கொள்ளும். இடுக்கில் ஈரம் புகுந்தாலும் அதுவே கரையும் முனையாகி இரும்பைக் காப்பாற்றும். எல்லாம் முடிந்தபின் பெட்டிக்குள் நீளக் குழாயை விட்டுச் சூடாக்கிய மெழுகைப் பீய்ச்சுகிறார்கள். மெழுகு இடுக்குகளில் தானே ஊர்ந்து ஏறும். வடிகால் இடைவெளிகளை மட்டும் ஒரு கம்பியால் குத்தித் திறந்து வைக்க வேண்டும்.

வெளிச்சம் எங்கே போகிறது

பழைய பிரிட்டிஷ் கார்களின் மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டப்பெயர் உண்டு. ஹெட்லைட் மங்கும், இண்டிகேட்டர் மினுக்காது என்று ரசிகர்களே கேலி செய்வார்கள். பாதிப் பழி அநியாயம். காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர்தான் போகிறது. மின்னோட்டம் திரும்புவது ஓட்டுடல் வழியாக. இதைத்தான் எர்த் என்கிறோம். விளக்கு போல்ட்டுக்கு அடியில் துரு படிந்தால் திரும்பும் பாதை அடைபடுகிறது.

60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த எர்த்தில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தால் அங்கேயே ஒரு வோல்ட் போய்விடும். பல்ப்புக்கு மிச்சம் 11 வோல்ட். இழைபல்ப்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட வேகமாக இறங்கும். அந்த ஒரு வோல்ட்டில் வெளிச்சத்தில் கால்வாசி காலி. எல்.இ.டி. பல்ப் வாங்குவதற்கு முன் எர்த் போல்ட்டைக் கழற்றி, தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டிப் பாருங்கள். மேம்பாடுகளில் மலிவானது அதுதான்.

1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் இன்னொரு விநோதம்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேரும். இன்றைய ரேடியோ, சார்ஜர் எல்லாம் நெகட்டிவ் எர்த்தை எதிர்பார்ப்பவை. மாற்றுவது கஷ்டமில்லை. பேட்டரி வயர்களையும் காயில் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பழைய மின் டாக்கோமீட்டரைப் பிரித்துத் திருத்த வேண்டும். டைனமோவுக்குத்தான் சுவாரசியமான வைத்தியம். மின்சாரம் உண்டாக்கக் காந்தம் வேண்டும், டைனமோவிலோ காந்தத்தை உண்டாக்கவே மின்சாரம் வேண்டும். அது எப்படித் தொடங்குகிறது? கடைசியாக ஓடியபோது அதன் இரும்பில் தங்கிய எச்சக்காந்தம் இருக்கிறது. அந்தத் துளிக் காந்தம் துளி மின்சாரத்தைத் தர, அது காந்தத்தைப் பெருக்குகிறது. எச்சக்காந்தத்தின் திசையைத் திருப்பினால் போதும், டைனமோ திசை மாறிவிடும். அதற்கு டைனமோவில் காந்தச்சுருளுக்குப் போகும் எஃப் முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உடலோடு சேராத முனையிலிருந்து, அதாவது இப்போதைய பாசிட்டிவிலிருந்து, ஒரு வயரால் அந்த முனையை நொடிப்பொழுது தொட வேண்டும். ஒரு பொறி பறக்கும். வேலை முடிந்தது.

பெட்ரோல் விஷயத்தில் செய்ய வேண்டிய மேம்பாடு வேறு வகை. அக்காலப் பெட்ரோலிலிருந்த ஈயம், எரிந்தபின் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து மெத்தைபோல் காத்தது. 2000 பிறந்ததோடு பிரிட்டனில் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. படலம் இல்லாமல் நெடுஞ்சாலையில் விரட்டினால், வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வார்ப்பிரும்பைத் தின்று உள்ளே இறங்கும். டாப்பெட் இடைவெளி தானாகச் சுருங்கிக்கொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கடினமான வளையம் பதிக்கச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, தீப்பொறியின் நேரத்தை முறைப்படுத்தும் பிளாட்டினம் பாயிண்ட். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 100 தீப்பொறி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இந்தச் சின்னத் தொடுமுனை ஒரு முறை திறந்து மூடுகிறது. திறக்கும்போதெல்லாம் சிறு பொறியில் அதன் முகம் கருகுகிறது, அதைத் தள்ளிவிடும் நெம்பு தேய்கிறது, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி மாறுகிறது. இதற்குப் பதிலாகக் காந்தத்தின் அசைவை உணர்கிற சின்ன மின்னணுக் கருவியை அதே டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒளித்து வைக்கலாம். தேயாது, கருகாது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எர்த் பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்த்து வாங்க வேண்டும். மாற்றி மாட்டினால் கருவி அந்தக் கணமே போய்விடும். போனால் முன்னறிவிப்பும் கிடையாது, சாலையோரத்தில் உட்கார்ந்து எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்ய அதில் எதுவும் கிடையாது. அதனால் பலர் கழற்றிய பிளாட்டினம் பாயிண்டையும் கண்டென்சரையும், மாட்டத் தேவையான திருப்புளியோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியிலேயே வைத்திருக்கிறார்கள்.